கதவு விளக்கு

"வண்டி ஓட வேண்டாமுங்க பாய். பேட்டரி ஏன் இறங்குச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்."

இளங்கோ போனில் அப்துல் அலீமிடம் இப்படித்தான் சொன்னான். கொல்லிமலை அடிவாரத்தில் இருபத்தைந்து வருடமாக வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவர் அவர். வண்டி ஓட வேண்டாம் என்று சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

நடந்தது மலை முழுக்கத் தெரியும். போன மாதம் மூன்று நாள் விடாத மழை. மலைமேல் அரியூர் நாடு என்கிற பகுதியில் இளங்கோவின் கார் வாசலை விட்டு நகரவில்லை. நான்காம் நாள் மரவள்ளிக் காட்டில் அவன் மனைவி பூங்குழலியைக் கண்ணாடி விரியன் கடித்தது. தூக்கி வந்து காரில் கிடத்திச் சாவியைத் திருப்பினான். காரின் பேட்டரியில் உயிரே இல்லை. மலைக்காரர்கள் வண்டியை எப்போதும் சரிவில்தான் நிறுத்துவார்கள், பேட்டரி காலை வாரினால் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். சரிவெல்லாம் சேறு என்று அந்த வாரம் பார்த்து அவன் சமதளத்தில் நிறுத்தியிருந்தான். வேறு ஜீப் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. மலைப்பாதை வளைவுகளில் பாதிகூட இறங்குவதற்குள் அவள் போய்விட்டாள்.

மறுநாளே மாமியார் பாவாயி எல்லோர் முன்னாலும் கேட்டாளாம்: "காரு கதவச் சாத்தத் தெரியாதவனுக்கா எம்புள்ளயக் குடுத்தேன்?" மழைக்கு முந்தின சாயங்காலம் அவன் பின்கதவைத் திறந்து கிழங்கு மூட்டையை இறக்கியிருந்தான். கதவைச் சரியாகச் சாத்தினோமா, உள்ளே விளக்கு மூன்று நாளும் எரிந்துகொண்டே இருந்ததா? ஒரு மாதமாக அவன் இதையேதான் மென்றுகொண்டிருக்கிறான்.

அலீம் பைக்கில் நல்ல பேட்டரி ஒன்றைக் கட்டிக்கொண்டு மேலே வந்தார். பழையதில் மூன்று வோல்ட் மிச்சம் இருந்தது. புதியதை மாட்டினார், பன்னிரண்டரை காட்டியது. சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார். சும்மா நிற்கிற கார் கொஞ்சம் கரண்ட் குடிக்கும், கடிகாரத்துக்கும் அதற்கும் இதற்கும். இது புள்ளி எட்டு ஆம்பியர் குடித்தது. இரண்டே நாளில் பேட்டரியை நக்கித் துடைத்துவிடும்.

"கதவு சாத்தித்தானே இருக்குது? அப்பவும் குடிக்குது. அப்போ உன் கதவு இல்ல தம்பி" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே நெஞ்சு லேசாயிற்று.

கதவைத் திறந்து பார்த்தார். உள்விளக்கு எரியவேயில்லை. கழற்றினால் பல்பு கருத்து, உள்கம்பி அறுந்து கிடந்தது. அடுத்து ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஹாரன், வைப்பர், முன்விளக்கு, எதற்கும் மீட்டர் அசையவில்லை. கடைசி ஃபியூஸும் போனபின் புள்ளி எட்டு அப்படியே நின்றது. அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டிக்கே வராத ஒயர் ஒன்று இருக்கிறது. பேட்டரியிலிருந்து நேராகப் போகிற சிவப்பு ஒயர். அதன் முனையில் அவர் சுற்றுகிற மாதிரியே மும்முறை சுற்றிய டேப்.

அவருடைய கைதான்.

எட்டு மாதம் முன்பு மலைமேல் சோளக்காடு என்கிற ஊரில், மழைக்கு முன்னால் மலை இறங்கிவிடும் அவசரத்தில் மாட்டியது. வளைவுகளில் பூங்குழலிக்கு வாந்தி வரும், பாட்டுச் சத்தமாக ஓடினால் வராது. அதற்காக இளங்கோ சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் வைக்கச் சொன்னான். பாட்டுப்பெட்டி அணையும்போது அதுவும் அணைய வேண்டும். அதற்கான ஒரு சின்ன ஒயரை அலீம் பாட்டுப்பெட்டியில் கொடுக்காமல் பேட்டரியின் நேர் லைனில் முறுக்கிவிட்டிருக்கிறார். கார் தினமும் ஓடியவரை குட்டு வெளிப்படவில்லை. சீட்டுக்கு அடியில் கையை விட்டார். சாவி இல்லாத காரில் ஆம்ப்ளிஃபயர் வெதுவெதுப்பாக இருந்தது.

பேசாமல் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். கேட்க நாதியில்லை. அலீமுக்கு அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பக்கத்தில் ஒருவன் தூணாக நின்று தன் தீர்ப்புக்குக் காத்திருந்தான்.

"தம்பி, இது நான் செஞ்ச தப்பு. என் ஒயருதான் உன் பேட்டரியக் குடிச்சிருக்குது. நான்தாம்பா காரணம். நீ இல்ல." ஃபியூஸ்களைத் திரும்பச் செருகி, ஒயரைக் கழற்றிக் காட்டினார். மீட்டர் புள்ளி பூஜ்யம் இரண்டுக்கு விழுந்தது. "பாரு. பாத்துக்க."

இளங்கோ மீட்டரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தான்.

"என்னையத் தேத்தறதுக்குச் சொல்றீங்க பாய்."

"அல்லா மேல ஆணையா இல்லப்பா! விளக்கு எரியவே இல்ல, பல்பப் பாரு, கம்பி அறுந்து கெடக்குது."

இளங்கோ பல்பை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அவன் உதடு கோணிக்கொண்டது.

"மூணு நாளு எரிஞ்சு எரிஞ்சுதானுங்க கருகியிருக்குது."

"இல்ல சாமி, அது முன்னாடியே போனது! நான் டார்ச்சப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்த ஒயரையே மாட்டினேன். சோளக்காட்டுல. நீ பக்கத்துலதானே நின்ன?"

"எனக்கு நெனப்பில்லீங்களே."

அலீம் மறுபடி ஒயரைச் சேர்த்தார், பிரித்தார், சேர்த்தார். எண் ஏறியது, இறங்கியது. கத்தினார். கெஞ்சினார். என் சட்டையைப் பிடித்து உலுக்குடா என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். இளங்கோ அவர் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினான்.

"விடுங்க பாய். உங்களுக்குப் பெரிய மனசுங்க. எம்பழிய உங்க தலைல போட்டுக்கப் பாக்கறீங்க. உன் தப்பு இல்லன்னு இந்த ஊர்ல ஒருத்தரும் சொல்லலீங்க."

பல்பைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான். பிறகு, இவ்வளவு தூரம் ஏறி வந்தவர் வெறும் வயிற்றோடு போகக் கூடாதென்று, டீ வைக்க உள்ளே போனான்.