‘கவனிக்கலை சார்’

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த செந்தாமரை கொடுத்தது. “எழுதுறவங்கன்னு சொன்னீங்களே, இதை எழுதுங்க. முடிவை மட்டும் மாத்திடுங்க” என்றாள். மூன்று மாதமாக அந்த முடிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ‘ஜவ்வாது மலையைப் பனி மூடியிருந்த ஒரு காலையில்…’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். பனிக்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

2

1986. மலைமேல் ஒரு மழை ஆராய்ச்சி நிலையம். அங்கே யூனிக்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் செந்தாமரை. சேர்ந்து ஐந்து மாதம், வேலை நிரந்தரமாகவில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டது. புதிய டிஸ்க் வந்ததும், ‘யூஸர்’ என்ற கோப்புத் தொகுப்பை, அதாவது டைரக்டரியை, மட்டும் அதற்கு மாற்றச் சொன்னார் தலைவர் பஞ்சாட்சரம். இவள் சூட்டிகை. இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்குமே என்று சிஸ்டத்துக்குரிய ‘எட்ஸி’ டைரக்டரியையும் சேர்த்து மாற்றிவிட்டு, பழைய இடத்தில் புதிய இடத்தைக் காட்டும் இணைப்பு ஒன்றை வைத்தாள். எல்லாம் ஓடியது. மூன்று நாள் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

(புதிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் கட்டளை அந்த எட்ஸிக்குள்தான் இருந்தது. ஓடுகிறவரை தொல்லையில்லை. ஒருமுறை நிறுத்தினால், புதிய டிஸ்க்கைச் சேர்க்கக் கட்டளை வேண்டும். கட்டளையோ புதிய டிஸ்க்கில். இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.)

3

நான்காம் நாள் காலை, ஜெனரேட்டர் பார்க்கும் குப்பன் கதவருகே வந்தார். மலைக்காரர், தினக்கூலி.

“ம்மா, ஜெனரேட்டருக்கு லைன் மாத்தப் போறேன். மிஷினை நிறுத்திட்டீங்களா?”

“நிறுத்திட்டேண்ணா, மாத்துங்க.”

முறையாகத்தான் நிறுத்தினாள். கரண்ட் திரும்பியது, கம்ப்யூட்டர் எழவில்லை. திரையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. டில்லியிலிருந்து அதிகாரிகள் வந்திருந்த நாள் அது.

கரண்ட் திடீரென்று போனதால்தான் கம்ப்யூட்டர் கெட்டது என்று நினைத்த பஞ்சாட்சரம் குப்பன்மேல் பாய்ந்தார். “சொல்லாம கொள்ளாம மாத்தினியா? இன்னா ஆள்யா நீ?”

“சொன்னேனுங்க. அம்மாவையே கேளுங்க.”

என் இரண்டாவது பிரதியில் செந்தாமரை இங்கே எழுந்து நின்று, ‘தப்பு என்னுது சார், எட்ஸியை நான்தான்…’

இல்லை. எழுந்தாள் என்பதுவரைதான் உண்மை.

“கவனிக்கலை சார்” என்றாள்.

குப்பன் அவளைப் பார்த்தார். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மறுநாள், முன்பே நகலெடுத்து வைத்திருந்த டேப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்ட செந்தாமரை, எட்ஸியைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவள் வேலை நிரந்தரமானது.

4

அவள் கேட்ட முடிவு இதுதான்: அன்றைக்கே அவள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எழுதிப் பார்த்தேன், பேனா மறுத்தது. அவள் மன்னிப்புக் கேட்பதாகவும், குப்பன் ‘பரவால்லம்மா’ என்று சிரிப்பதாகவும் எழுதினேன். குப்பன் இறந்துவிட்டதாகவும் எழுதினேன் (எழுத்தாளனுக்கு அது வசதி). ஆனால் அவர் இருக்கிறார். மலையில் சாமை பயிரிடுகிறார்.

காகிதங்களைத் தூக்கிக்கொண்டு செந்தாமரையிடமே போனேன்.

“நீங்களே நேரில் போய்ச் சொல்லலாமே?”

“ரெண்டு தபா போனேங்க, அவரு வூடு வரைக்கும். அவரு சம்சாரம் மங்கம்மாக்கா மோர் குடுத்தாங்க. குடிச்சிட்டு வந்துட்டேன்.”

“சரி, கதையில் அவர் பெயரையாவது மாற்றிவிடட்டுமா?”



“வேணாங்க. அவரு பேரே இருக்கட்டும். என் பேரும் இருக்கட்டும்.”

5

ஆகவே முடிவை நான் எழுதவில்லை. குப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தப் பத்திரிகையும் மலை ஏறுவதில்லை. ஆனால் ஆலங்காயத்திலிருந்து மேலே போக ஒரு பஸ் இருக்கிறது. செந்தாமரை, நீங்கள் போய்ச் சேரும்போது அவர் சாமைக் கொல்லையில் இருப்பார். மங்கம்மாள் கூப்பிட்டு விடுவார். மோரை அப்புறம் குடிக்கலாம். மூன்றாம் பகுதியை மட்டும் உரக்க வாசியுங்கள். அதன்பிறகு குப்பன்…