லேர்க்காவின் முப்பத்தெட்டாம் எண்

கிரேனின் பட்டைகளை நான் தளர்த்திய மறு நிமிஷமே லேர்க்கா படகுக்குள் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. பலகைக்குப் பலகை இடுக்கு. எல்லா இடுக்கிலும் கடல்.

"தூக்கு, தூக்கு!" என்று கரையிலிருந்து கத்தினாள் எங்கள் படகுச் சங்கத்தின் செயலாளர் போர்கில்ட். "ஏன் சிவெர்ட், இது பந்தயப் படகா, மீன் கூடையா?"

சிவெர்ட்தான் படகின் சொந்தக்காரர். எழுபத்தொரு வயது. படகின் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

1927-ல் ஒரு கப்பல் முதலாளிக்காகக் கட்டிய படகு அது. பதினோரு மீட்டர் நீளம், கத்தி போல ஒடுங்கிய உடம்பு. போர்க்காலத்தில் ஜெர்மானியர் கண்ணில் படாமல் அடியில் பாரமாகப் பொருத்திய ஈயத்தைக் கழற்றி உருளைக்கிழங்கு வயலில் புதைத்தார்கள். பிறகு சுவீடனுக்கு விலைபோனது. அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்ததை 1981-ல் சிவெர்ட் மீட்டு நார்வேக்குக் கொண்டுவந்தார். பாயில் எழுதிய எண் மட்டும் அன்று முதல் இன்றுவரை முப்பத்தெட்டுதான்.

மூன்று பருவம் எந்தப் பந்தயத்திலும் இறங்காத படகின் எண் வேறு படகுக்குப் போய்விடும். அது எங்கள் சங்க விதி. லேர்க்காவுக்கு இது மூன்றாவது பருவம். கடைசிப் பந்தயம் சனிக்கிழமை. அன்று வியாழன்.

மரப்படகு இறக்கியதும் கசியும். இரண்டு நாள் பட்டையில் தொங்கவிட்டால் பலகை தண்ணீர் குடித்து ஊதி, இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஆனால் இவ்வளவு மோசமாக நான் பார்த்ததில்லை.

"படகுக் கொட்டகையில அடுப்பு போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும்."

போர்கில்ட் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி மனுஷா! மரப்படகை வச்சுக்கிட்டு அடுப்பா? பலகை காஞ்சு சுருங்கிடாதா? சின்னப் பிள்ளைகூட செய்யாதே! வார்னிஷ் காயவா?"

"இல்ல. வீட்டுக்காரி உன்னி பெர்கனுக்குப் போயிட்டாள்ல, மக வீட்டுக்கு. இனிமே வரமாட்டா. வீட்ல உக்கார முடியல. இங்க வந்து இவகூட, இந்தப் படகுகூட, உக்காந்துட்டேன். குளிரா இருந்துச்சு."

போர்கில்ட்டின் சிரிப்பு நின்றுவிட்டது. குளிர்காலம் முழுக்க அந்தப் புகைபோக்கியில் புகையைப் பார்த்தோம். கிழவர் பாடுபட்டு வேலை செய்கிறார் என்று பேசிக்கொண்டோம். ஒருவரும் போய்க் கதவைத் தட்டவில்லை.

சனிக்கிழமை காலை இடுக்குகள் பாதிதான் மூடியிருந்தன.

"விட்டுடு சிவெர்ட்," என்றாள் போர்கில்ட். "வேற நம்பர் தரேன்."

"பந்தயத்தை முடிச்சே ஆகணுமா? ஆரம்பக் கோட்டைத் தாண்டினா போதாதா?"

"தாண்டினா போதும். விதி அவ்வளவுதான். ஆனா தண்ணிய யாரு இறைக்கிறது?"

நான் ஏறிக்கொண்டேன்.

பெரிய பாயை மட்டும் ஏற்றினோம். அவர் சுக்கான் பிடித்தார். நான் பம்பை அடித்தேன். பந்தயம் தொடங்கும் வெடிச் சத்தம் கேட்டது. கணுக்காலளவு தண்ணீரோடு, கடைசிப் படகாகக் கோட்டைத் தாண்டினோம். நடுவர் படகிலிருந்து போர்கில்ட் கையை உயர்த்தினாள். எண்ணைக் குறித்துக்கொண்டாள் என்று பொருள். மற்ற ஒன்பது படகுகளும் சாய்ந்தபடி தீவுக்கு அப்பால் ஓடி மறைந்தன. நாங்கள் திரும்பினோம்.

"நம்பர் தங்கிடுச்சு!" என்று அவர் முதுகில் தட்டினேன்.

"ஆமா," என்றார். "தங்கிடுச்சு."

கரைக்கு வந்ததும் கிரேன் பட்டைகளை மாட்டி இறுக்கினேன். என் வீட்டில் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். நான் போக வேண்டும். அவர் இறங்கவில்லை. பம்பின் பக்கம் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார்.

"விடுங்க சிவெர்ட். பட்டை பிடிச்சிருக்கு, முழுகாது."

"தெரியும்," என்றார், கையை நிறுத்தாமல்.