மேலங்கியில் முயல்

பூங்காவனம் பசாருக்குப் போய் வந்தால் அவளுடைய பிரம்புக் கூடையில் பாதி கறிகாய் இருக்கும். மீதிப் பாதி ஊரார் வேண்டாமென்று ஒதுக்கியது. இலையில் மடித்த மீனுக்குப் பக்கத்திலேயே பழக்கடைக்காரர்கள் தள்ளிவிட்ட மங்குஸ்தான் தோல். தேங்காய் துருவிய கடையிலிருந்து சிரட்டை. கடைசியாகக் கபீர் பாயின் ரொட்டிக் கடையில் நின்று, காலியான மாவுச் சாக்குகளை மடித்து இடுப்பில் இடுக்கிக்கொள்வாள். வெள்ளைப் பருத்தித் துணிச் சாக்கு. நான்கு தடவை துவைத்துவிட்டால் பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம், அவ்வளவு மெது.

"இன்னைக்கு எத்தனை முயல் வேணும்மா?" என்பார் கபீர். அந்த மாவு முயல் மார்க்.

"இருக்கிறதெல்லாம் குடுங்க பாய். ராசாவுக்கு உடுப்புத் தைக்கணும்."

"அலாமாக்! ராசாவுக்கே சாக்கா?"

"தைச்ச பிறகு வந்து பாருங்க, எது சாக்கு எது ராசான்னு."

காஜா பெராங் வட்டாரத்தில் அவளுக்குச் சாக்குப் பூங்காவனம் என்று பெயர். ஜப்பான்காரன் காலத்தில், பதின்மூன்று வயதில், தெருவுக்கே சாக்கில் உடுப்புத் தைத்துக் கொடுத்தவள். யுத்தம் முடிந்து கடைகளில் துணி வந்த பிறகும் அவள் சாக்கை விடவில்லை. நல்ல துணியை ஏன் தூக்கி எறிய வேண்டும் என்பது அவள் கட்சி. பெயரை யாராவது கேலியாகச் சொன்னால், "ஆமா, சொல்லுங்க" என்று திரும்பி நிற்பாள்.

அந்த வருஷம் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தது. பண்டார் ஹிலிர் பாடாங்கில், கடலை ஒட்டிய புல்வெளியில், ஒரு வாரம் கொண்டாட்டம். நாடக மன்றத்துக்கு ஒரு மாலை ஒதுக்கியிருந்தார்கள். எப்போதும் உடுப்புப் பெட்டிகள் சிங்கப்பூரிலிருந்துதான் வரும். மன்றத்துப் பொன்னுதுரை போய்க் கொண்டுவருவார். இந்த முறை பூங்காவனம் செயலாளர் தேவதாஸ் வீட்டுக்கு நேரே போய், "எட்டுப் பேருக்கும் நான் தைக்கிறேன். நல்லா இருந்தா தீபாவளி நாடகமும் எனக்கு. இல்லன்னா பழையபடி பெட்டியக் கொண்டாங்க, நான் கிழிசல் தைக்கப் போயிடுறேன்" என்றாள். தேவதாஸ் ஒப்புக்கொண்டார். பொன்னுதுரை அன்றிலிருந்து அவள் வாசல் வழியாகப் போவதை நிறுத்திக்கொண்டார்.

முயல் படத்தையும் எழுத்தையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சவர்க்காரம் போட்டு அடித்துத் துவைத்தாள். மங்குஸ்தான் தோலைப் படிகாரத்தோடு கொதிக்கவைத்துச் சாயம் இறக்கினாள். மந்திரிகளுக்கு மஞ்சள். சிரட்டையை அறுத்துத் தேய்த்துப் பித்தான். மன்னருக்கு மட்டும், தோளிலிருந்து குதிகால் வரை தொங்க, ஆறு சாக்கை இணைத்து ஒரு மேலங்கி. பழுத்த மங்குஸ்தானின் கருஞ்சிவப்பு நிறம். கபீர் பாய் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "இது என் கடைச் சாக்கே இல்ல" என்று சத்தியம் செய்தார்.

முந்தின நாள் மாலை பாடாங்கில் ஒத்திகை. மன்னர் வேஷம் கலியாணசுந்தரத்துக்கு. துறைமுக ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. ஒலிபெருக்கி இல்லாததால் மேடையின் முதுகைக் கடல் பக்கம் வைக்கச் சொன்னவரும் அவர்தான். கடற்காற்று குரலைத் தூக்கிக் கடைசி வரிசை வரை கொண்டுபோய்விடும். பின்னால் கட்டிய திரை காற்றில் கப்பல் பாயாகப் புடைத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டதும், "கடலே திரை" என்று அதையும் கழற்றிவிட்டார்கள். சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

கலியாணசுந்தரம் மேடை ஏறினார். காற்று மேலங்கியை இரண்டு பக்கமும் விரித்தது. பின்னாலிருந்து வெயில் துணியை ஊடுருவியது. இடப்பக்கம் ஒரு முயல், வலப்பக்கம் ஒரு முயல். கீழே தெளிவாக, நாற்பத்தொன்பது பவுண்டு என்ற எழுத்து.

மந்திரிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ராசா நாப்பத்தொன்பது பவுண்டுதானா? பார்த்தா கூட இருக்கும் போலத் தெரியுதே!"

கலியாணசுந்தரம் சிரிக்கவில்லை. கீழே இறங்கி வந்து மேலங்கியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "எங்கப்பா சாக்கு கட்டிக்கிட்டுத்தான் செத்தாரு பூங்காவனம். வேற துணி இல்ல அன்னைக்கு. மெர்டேக்கா வந்த பிறகும் நான் அதையே கட்டிக்கிட்டு ஊர் முன்னால நிக்கணுமா?"

அவருடைய அப்பாவுக்குக் கடைசியாகத் தைத்ததும் அவள்தான்.

"தெரியும் அண்ணே" என்றாள். "அதக் கட்டிக்கிட்டு அவரு தலகுனிஞ்சு நான் பார்த்ததில்ல. நாளைக்கு ஒரு நாள் போடுங்க. யாராச்சும் சிரிச்சா எங்கிட்ட விடுங்க."

தேவதாஸ் கையைப் பிசைந்தார். சிங்கப்பூருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை. மறுநாள் காலை அவள் மேலங்கியை இன்னொரு தடவை சாயத்தில் முக்கி, கடற்கரை மணலில் விரித்துக் காயவைத்தாள். முயல் மங்கியது, போகவில்லை.

நாடகத்துக்குக் கூட்டம் சாலை வரை நிறைந்திருந்தது. ஜாலான் பெண்டஹாரா தெருக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து பாய் விரித்திருந்தார்கள். புக்கிட் காதிலிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள் சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பூங்காவனம் மேடையோரத்தில் ஊசியும் நூலுமாக நின்றாள்.

முதல் காட்சி முழுக்கக் கலியாணசுந்தரம் நண்டு மாதிரிப் பக்கவாட்டிலேயே நடந்தார். மேலங்கியை இரண்டு கையாலும் உடம்போடு இறுக்கிப் பிடித்திருந்தார். அதனால் வாளை உருவ முடியவில்லை. சேனாதிபதியே உருவிக் கொடுத்தார். குரலும் உள்ளுக்குள் போய்விட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது: யாரும் சிரிக்காமலே நாடகம் செத்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் காட்சியில், கொட்டாவிகளுக்கு நடுவே, முன் வரிசையிலிருந்து பொன்னுதுரையின் குரல் கிளம்பியது. ஒத்திகைக் கதை அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"ராசாவே! எதுக்கு அப்படிப் போர்த்திக்கிட்டு நிக்கிறீங்க? குளிரா? இல்ல, உள்ளாற முயல் இருக்கா?"

கூட்டம் சிரித்தது. கலியாணசுந்தரத்துக்கு அடுத்த வசனம் வரவில்லை. தேவதாஸ் தலையில் கை வைத்தார்.

பூங்காவனம் ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டு மேடையின் முன் விளிம்புக்கு வந்தாள்.

"முயல்தான் அண்ணே! அது சாக்குதான், நான்தான் தைச்சேன். உங்க வீட்டுத் தலகாணி உறையும் அதே சாக்குதான். தினம் ராத்திரி முயல் மேலதான் கன்னத்த வச்சுத் தூங்குறீங்க. உறுத்துதா?"

பொன்னுதுரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், "ஆமாலா, ரெண்டு உறை தைச்சுக் குடுத்துச்சு. நீங்கதான் ரொம்ப மெதுவா இருக்குன்னு சொன்னீங்க" என்றாள்.

பாடாங்கே வெடித்தது. இப்போது சிரிப்பு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"எங்க வீட்டுக் கதவுத் திரையிலயும் முயல் இருக்கு!" என்று ஒரு குரல்.

"எம் பேரன் தொட்டில்ல!"

"எங்க வீட்டுக்காரரு உள்சட்டையில!" என்று ஒரு பெண் சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொள்ள, அந்த வீட்டுக்காரர் எழுந்து சைக்கிள்களுக்குப் பின்னால் ஒளிந்தார்.

பூங்காவனம் திரும்பி மேடையைப் பார்த்தாள். "அண்ணே, கைய விடுங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

கலியாணசுந்தரம் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு நண்டு நடையை விட்டு மேடை நடுவுக்கு வந்தார். பிடியை விட்டார். இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கினார். காற்றுக்கு அது போதும். மேலங்கி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை விரிந்தது. கடலும் வெயிலும் அதற்குள் சிவந்தன. இரண்டு முயல்களும் துல்லியமாகத் தெரிந்தன.

"சபையோரே!" குரல் சைக்கிள்களைத் தாண்டிச் சாலை வரை போனது. "மன்னன் உடுத்தியிருப்பது சாக்கே. என் தகப்பனும் அதையே உடுத்தினான். இனிக் கதைக்கு வருவோம்!"

வாளை அவரே உருவினார். கைதட்டல் அடங்கக் காத்திருந்து அடுத்த வசனத்தை எடுத்தார். அதற்குப் பிறகு ஒருவரும் கொட்டாவி விடவில்லை. மூன்றாம் காட்சியில் மகன் இறந்தபோது, முயல் மேலங்கியோடு மன்னர் மண்டியிட்டு அழுதார், முன் வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பொன்னுதுரையின் மனைவியும் சிந்தினாள்.

தேவதாஸ் மேடையோரத்துக்கு வந்தார். "தீபாவளிக்கு எத்தனை சாக்கும்மா தேவைப்படும்?"

"முப்பது. ஒண்ணு சொல்லிடுறேன், இனிமே முயலக் கழுவ மாட்டேன். மண்ணெண்ணெய் மிச்சம்."

சொல்லிவிட்டு, தலைப்பாகை அவிழ்ந்து ஓடிவந்த இரண்டாம் மந்திரியைப் பிடித்து நிறுத்தி, ஊசியில் நூல் கோர்த்தாள்.