பானையில் சேராத ஓடு

கடைசித் துண்டு உள்ளே போகவில்லை.

நேராக வைத்துப் பார்த்தாள். சாய்த்து வைத்துப் பார்த்தாள். கீழ் ஓரத்தை முதலில் நுழைத்து, மேல் ஓரத்தைப் பிறகு அமுக்கிப் பார்த்தாள். வாசலைவிட அகலமான கட்டிலை வீட்டுக்குள் கொண்டுபோகப் பார்ப்பவர்கள் மாதிரி எல்லா விதமாகவும் திருப்பியாயிற்று. இடைவெளி அந்தத் துண்டுக்கு உரியதுதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு பக்கத்து ஓடுகளும் உட்பக்கமாகச் சரிந்து, வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

உடைந்த பானையை ஒட்ட ஒரு வரிசை உண்டு. அடியிலிருந்து தொடங்கி மேலே வரவேண்டும். ஒரு துண்டை ஒட்டும் முன், அதற்கு அடுத்தது நுழைய வழி இருக்குமா என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இவள் நேரம் போதாது என்கிற பயத்தில் வாய்ப்பக்கத்தைத் தனியாகவும் அடிப்பக்கத்தைத் தனியாகவும் ஒட்டி, இரண்டையும் சேர்த்துவிட்டாள். இப்போது பானை பூட்டிக்கொண்டது.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நான்கு மணிக்கு வெளித் தேர்வாளர் வந்துவிடுவார்.

பண்டைய வரலாற்றில் மற்ற எல்லாத் தாள்களிலும் அவள் தேறிவிட்டாள். எந்த அரசன் எப்போது, எந்த ஆறு எப்படித் திசை மாறியது, எழுத்து எப்படிப் பிறந்தது, எதைக் கேட்டாலும் சொல்வாள். இந்தச் செய்முறைத் தேர்வு மட்டும்தான் காலை வாரியது. முதல் தடவை கை நடுங்கி, பானையின் கழுத்தையே உடைத்துவிட்டாள். இரண்டாவது தடவை பாதிப் பானையோடு மணி அடித்துவிட்டது. இது மூன்றாவது. பல்கலைக்கழக விதிப்படி நான்காவது கிடையாது. செய்முறை இல்லாமல் பட்டமும் கிடையாது. அருங்காட்சியகக் கிடங்கில் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சான்றிதழைக் கொண்டுவந்தால் போதும்.

காலையில் அம்மா தலைவாரிக்கொண்டே கேட்டாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. "இன்னிக்கு முடிஞ்சிடும்ல குட்டி? சலவையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எம்பொண்ணு மியூசியத்துக்குப் போறான்னு."

"பாக்கிறதுக்குன்னு நினைச்சிருப்பாங்க" என்றான் அண்ணன். அவன் நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் பட்டறையில் இருக்கிறான். "நான் நசுங்கினத நிமித்துறேன், இவ உடைஞ்சத ஒட்டுறா. நல்ல குடும்பம்மா இது. முழுசா ஒண்ணுமே நம்ம கைக்கு வராது."

அவளும் சிரித்தாள். அப்போது சிரிக்க முடிந்தது.

"என்ன, பூட்டிக்கிச்சா?"

பக்கத்து மேசையிலிருந்து நெட்டை எட்டிப் பார்த்தான். அவனும் மறுதேர்வுக்காரன்தான். நின்றால் மின்விசிறி தலையில் இடிக்குமோ என்று தோன்றும். அவனுடைய பானைக்கு வாய் இருந்தது, அடி இருந்தது, நடுவில் பெரும்பகுதி கிடைக்கவில்லை.

"ஆமா."

"அசிட்டோன் தடவிப் பிரிச்சிடு."

"பிரிச்சா மறுபடி காய நாளைக்கு ஆகும்டா."

"அப்ப அந்தத் துண்டைப் பக்கத்துல வச்சுட்டு, இந்த மாதிரி ஆயிடுச்சு சார்னு சொல்லு. மார்க்கைத்தானே குறைப்பாங்க, தலையையா எடுப்பாங்க?"

"ரெண்டு தடவை ஃபெயில் ஆனவளுக்குக் குறைக்க என்னடா இருக்கு?"

"என் பானையப் பாரு. வயிறே இல்ல. என்னை மாதிரியே இருக்கு. நானே தைரியமா இருக்கேன்." அவன் பிளாஸ்டர் படிந்த கைகளைக் காட்டினான். "இரு, கழுவிட்டு வரேன். அழுதுடாத. பசை நனைஞ்சிடும்."

அவன் போனபின் அறையில் அவள் மட்டும் இருந்தாள். அவர்களுக்குப் பாடம் நடத்தும் மேடம் தேர்வாளரை அழைத்துவர வாசலுக்குப் போயிருந்தார். நெட்டையின் மேசையில் மீதிப் பிளாஸ்டர் கிண்ணத்தில் இளகலாகவே இருந்தது. கிடைக்காத துண்டின் இடத்தைப் பிளாஸ்டரால் நிரப்பலாம். அது தவறில்லை, விதியே அதுதான். நெட்டையின் பானையில் பாதி வெள்ளையாகத்தான் இருக்கிறது.

கிடைக்காத துண்டு.

உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தாள். வெளிப்பக்கம் கூரான எதனாலோ கீறிய சில கோடுகள். உட்பக்கம் கறுப்பு மையில், சிறிய எழுத்தில், எந்தக் குழி, எந்த மண் அடுக்கு என்கிற எண். முந்தைய ஆண்டு மாணவர்கள் கழுவி எண் போட்டுத் தட்டில் குவித்ததோடு சரி, யாரும் இந்தப் பானையைச் சேர்த்துப் பார்த்ததில்லை. எத்தனை துண்டுகள் என்று எவரும் எண்ணவில்லை.

துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டாள். கிண்ணத்தை எடுத்தாள். கை நடுங்கவே இல்லை. அதுதான் பிறகு நினைத்தபோது அவளுக்குப் பயமாக இருந்தது.

தேர்வாளர் நரைத்த தலையும் தொங்கும் கண்ணாடியுமாக வந்தார். நெட்டையின் பானையைச் சுற்றி வந்து, "தம்பி, பானையா, பல்லு விழுந்த வாயா?" என்றார்.

"கிடைச்சது அவ்ளோதான் சார். மிச்சத்த மண்ணு தின்னுடுச்சு."

"ஒட்டினவரைக்கும் சுத்தமா இருக்கு. பொழச்சுப் போ."

பிறகு அவளுடைய பானைக்கு வந்தார். பானையைச் சுற்றி விரலை ஓட்டினார். ஈரமான வெள்ளைத் திட்டில் விரல் நின்றது.

"இங்க இருந்த துண்டு?"

"தட்டுல இல்ல சார்."

நெட்டை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிரம்ப நேரம் குனிந்தே இருந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றே அவள் நினைத்தாள். அவர் நிமிர்ந்து, "மேடம், இங்க வாங்களேன்" என்றார். குரல் மாறியிருந்தது. "வெள்ளைக்கு இந்தப் பக்கம் பாருங்க, மூணு கீறல். அந்தப் பக்கம் ரெண்டு. இது ஏதோ கல்லு உரசினது இல்ல. கை வச்சுக் கீறினது. எழுத்தா, பானைக்காரன் அடையாளமான்னு சொல்ல முடியல. நடுவுல இருக்கிறதுதான் காணோம்."

மேடம் முழங்கால்வலிக்காரர். உட்கார்ந்தால் எழ மாட்டார், எழுந்தால் உட்கார மாட்டார் என்று மாணவர்கள் கேலி செய்வார்கள். அவர் அப்படியே தரையில் மண்டியிட்டுப் பானையைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக, இந்தப் பானை கிடைத்த மேட்டைத் தோண்டிக்கொண்டிருக்கிறார். இதுவரை கிடைத்ததெல்லாம் சாம்பலும் எலும்பும் எழுத்தில்லாத ஓடுகளும்தான்.

"பக்கத்து ஓடெல்லாம் கிடைச்சிருக்கு. அப்ப அதுவும் அங்கதான் இருக்கணும்" என்றார் மேடம். "சலிச்சுக் கொட்டின மண்ணுல தவறியிருக்கும். மறுபடி சலிப்போம்." பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். மூன்று வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. "நீ ஒட்டலைன்னா இது தெரிஞ்சே இருக்காது. நீயும் வரணும். அதோட வடிவம் உனக்குத்தானே தெரியும்."

தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறித்தார். தேறிவிட்டாள்.

வாசலில் நெட்டை அவளை மறித்தான். "பைத்தியமா உனக்கு? எங்க வச்சிருக்க?"

அவள் பையைத் தொட்டுக் காட்டினாள்.

"தட்டுலயே போட்டுடு. தவறிக் கிடந்துச்சுன்னு நினைச்சுப்பாங்க."

"மேடம் தட்டைக் கவுத்து உதறிப் பாத்தாச்சு. நீயும்தான் நின்னியே."

"அப்ப போய்ச் சொல்லிடு."

"சொன்னா?"

துண்டை மறைத்தவர்களை என்ன செய்வார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். தேர்வு மட்டும் போகாது. துறை வாசலையே பிறகு மிதிக்க முடியாது.

"அப்ப எங்கயாவது தூக்கிப் போடு" என்றான் மெதுவாக.

"எங்கடா போடுவேன்? ரெண்டாயிரம் வருஷம் பத்திரமா இருந்திருக்கு."

வீட்டில் அண்ணன் ஐஸ்கிரீம் வாங்கி வைத்திருந்தான். அம்மா அழுதுகொண்டே தின்றாள். "இனிமே எங்க வீட்டுல எது உடைஞ்சாலும் கவலையில்ல" என்று அண்ணன் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினான். அவள் தன் கிண்ணத்தை அம்மா பக்கம் நகர்த்தினாள்.

வழி ஒன்று இருந்தது. நாளைக் காலை துண்டு மண்மேட்டிலேயே கிடைத்துவிட்டால் மேடத்துக்கு எழுத்து கிடைக்கும், இவளுக்குப் பட்டம் கிடைக்கும். யாருக்கும் நட்டமில்லை. எண் மட்டும்தான் இடைஞ்சல். மண்ணிலிருந்து புதிதாக வந்த ஓட்டில் மை இருக்காது.

குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தாள். முதலில் அடுக்கின் எண் போயிற்று. பிறகு குழியின் எண். முதல் வகுப்பில் மேடம் சொன்னது கையை நிறுத்தப் பார்த்தது. 'இடம் தெரியாத ஓடு ஊர்பேர் தெரியாத பிணம். மரியாதையா எடுத்து வைக்கலாம், வேற ஒண்ணும் கேட்க முடியாது.' தேய்த்து முடித்து, பூந்தொட்டி மண்ணைக் குழைத்து இரண்டு பக்கமும் அப்பினாள்.

"உள்ள என்னடி பண்ற இவ்வளவு நேரம்?" என்று அம்மா கதவைத் தட்டினாள்.

"வந்துட்டேம்மா."

தோண்டும் இடம் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்தது. காலை வெயில் அதற்குள் உறைக்கத் தொடங்கியிருந்தது. மேடம் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். சலித்துக் கொட்டிய மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் சரிவான பள்ளம். யார் யாரோ கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள்.

நெட்டை சல்லடையை ஆட்டினான். அவள் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டாள். கூழாங்கல், வேர், பாட்டில் மூடி. ஒவ்வொன்று விழும்போதும் மேடம் வாளியிலிருந்து பாதி எழுந்து உட்கார்ந்தார்.

"பெரிய பரப்பா இருக்கும் மேடம், உள்ளங்கை அளவு" என்றாள் அவள். தன் குரல் தனக்கே பொய்யாகக் கேட்டது.

"கிடைக்கும், கிடைக்கும். இவ்வளவு நாள் காத்திருந்தாச்சு."

மேடம் தண்ணீர் குடிக்கத் தலையை அண்ணாந்த நேரத்தில், மண்ணோடு மண்ணாகத் துண்டையும் சல்லடையில் போட்டாள். நெட்டை ஆட்டினான். மண் உதிர்ந்தது. பூந்தொட்டி மண்ணும் உதிர்ந்தது.

அவன் கை நின்றது. துண்டை எடுத்துத் திருப்பினான். அப்போதுதான் அவளும் பார்த்தாள். ஒரு ஓரம் நெடுக வெயிலில் கண்ணாடி மாதிரி மின்னியது. நேற்று உள்ளே அமுக்கிப் பார்ப்பதற்கு முன் தடவிய பசை. எண்ணைத் தேய்த்தவள் ஓரத்தை மறந்துவிட்டாள். மண்ணுக்குள் இருந்து வரும் எந்த ஓட்டிலும் பசை இருக்காது. முதல் ஆண்டுப் பிள்ளைக்கே தெரியும். மேடம் தொட வேண்டாம், தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

"என்னப்பா அது?" மேடம் எழுந்துவிட்டார்.

நெட்டை அவளைப் பார்த்தான். ஒரே ஒரு கணம். பிறகு, "கல்லு மேடம்" என்று சொல்லி, தன் நீளமான கையை வீசி அதைப் பள்ளத்துக்குள் எறிந்தான்.

எங்கோ செங்கல்லில் பட்டு உடையும் சத்தம் கேட்டது.

தப்பித்துவிட்டாள். ஓடு உடைந்த சத்தம் அடங்குவதற்குள் அது அவளுக்குப் புரிந்தது. கையில் பட்டம், கிடங்கில் வேலை, அம்மா சலவைக்கூடத்தில் சொல்லிவைத்த பெருமை, எல்லாம் இருந்த இடத்தில் பத்திரமாக இருந்தன. சும்மா நின்றால் போதும். அடுத்த கூடை மண்ணை அள்ளினால் போதும்.

கால் ஓடிக்கொண்டிருந்தது. மண்மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் சறுக்கி, இடிபாட்டுக்குள் விழுந்து, கையால் செங்கல்லைப் புரட்டினாள். கம்பி குத்தியது. இன்னொரு செங்கல்.

"ஏய்! கல்லுக்கா இப்படி ஓடுற?" மேட்டின்மேல் மேடம் தெரிந்தார்.

"கல்லில்ல மேடம்!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "அதுதான் மேடம். எங்கிட்டதான் இருந்துச்சு. உள்ள போகல. பூட்டிக்கிச்சு. ஒளிச்சு வச்சிட்டேன்."

"மேடம், அவ சும்மா உளறுறா..." என்று நெட்டை ஆரம்பித்தான்.

"நீ வாயை மூடு" என்றார் மேடம்.

கைக்கு ஒன்று அகப்பட்டது. பசை மின்னும் ஓரம். பாதிதான். கீறல் நடுவில் அறுந்து, உடைந்த இடம் செங்கல் நிறத்தில் புதிதாகத் தெரிந்தது. மேடம் சரிவில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடியாக நகர்ந்து நகர்ந்து இறங்கி வந்தார். கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

மேடம் முதலில் உட்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் அழிந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார்.

"நம்பரையும் அழிச்சிட்டியா?"

"ஆமா மேடம்."

பணிமனையிலிருந்து ஒரு பேருந்து பின்னோக்கி வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் அந்தப் பாதியைக் கைக்குட்டையில் சுற்றிப் பத்திரப்படுத்தினார். பிறகு வலிக்கிற முழங்கால்களை மடித்து, இடிபாட்டின்மேல் மண்டியிட்டார்.

"உன் விஷயத்தத் துறையில பேசுவாங்க. நான் காப்பாத்துவேன்னு நினைக்காத" என்றார். "மத்த பாதி எந்தப் பக்கம் தெறிச்சுது?"

"தெரியல மேடம்."

"அப்ப அந்த மூலையிலேருந்து வா."

அவள் மூலைக்குப் போனாள். மேலே நெட்டை சல்லடையைக் கீழே போட்டுவிட்டு இறங்கத் தொடங்கியிருந்தான். அவள் முதல் கல்லைப் புரட்டினாள்.