தண்ணீர் இல்லை என்று ஒரு கையெழுத்து

கையில் ஃபாரமும் தோளில் ஜோல்னாப் பையுமாக ஒரு பெண் பொத்தேரி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இறங்கி வருகிறாள் என்று கேள்விப்பட்டதுமே தனம் ஓடிப்போய்க் கிணற்றின் மேல் தகரத்தை இழுத்துப் போட்டாள். பின்னே என்ன? அண்ணன் சின்னப்பனின் நிலத்தையும் ஒருவன் இப்படித்தான் சிரித்துச் சிரித்து அளந்துவிட்டுப் போனான். ஆறே மாதத்தில் அங்கே எவனோ காம்பவுண்டுச் சுவர் எழுப்பிவிட்டான். தனத்துக்கு இருப்பது கொல்லையில் ஒரு கிணறு, அதை நம்பி நாலு பாத்தி கீரை. மாணவர் மெஸ்களுக்குக் கீரைக்கட்டு போட்டுத்தான் வயிற்றுப்பாடு. அதையும் பறிகொடுக்க அவளுக்கென்ன பைத்தியமா?

வந்தவள் பெயர் வேதா. தாம்பரத்தில் காலேஜ் படிக்கிறாளாம்.

"டிகிரியோட சேர்த்து ஒரு சர்டிபிகேட் கோர்ஸ் அக்கா. இந்த வட்டாரத்துல தண்ணி, நிலமெல்லாம் எப்படி இருக்கு, கஷ்டம் வந்தா ஊர் எப்படித் தாக்குப்பிடிக்கும்னு படிக்கிறோம். உங்க கிணத்தைக் கொஞ்சம் பாத்துக்கறேன்."

"கஸ்டம் வர்றதுக்கு முன்னாடியே கணக்கெடுக்க வந்துட்டியா? யாரு அனுப்ச்சா உன்ன?"

"எங்க சார்தான் அக்கா."

"சாராவது மோராவது! கெணத்துல தண்ணி கெடையாது. வத்திப்போயி ரெண்டு வருசமாவுது. எய்திக்கோ."

வேதா பச்சைப் பசேலென்றிருந்த பாத்தியைப் பார்த்தாள். தகரத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்த வாளியையும் பார்த்தாள். தனம் சொன்னபடியே எழுதி நீட்டினாள். தனம் எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்துவிட்டு, அறிவொளி வகுப்பில் பழகிய கையெழுத்தை முத்து முத்தாகப் போட்டாள். எதிர்வீட்டுச் செல்லம்மா கிணற்றைத் திறந்தே காட்டினாள் என்று கேட்டதும், "அவ சுத்த வெகுளி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறு வருஷம் சித்திரையில் எவனோ தெருக்கோடித் தோப்பை வாங்கி நாலு போர் போட்டான். லாரி லாரியாகத் தண்ணீர் போயிற்று. பதினைந்தே நாளில் தெருவில் ஒரு கிணறு மிச்சமில்லை. தனத்தின் கீரை கருகியது. "அந்த ஜோல்னாப் பைக்காரிதான் காட்டிக் குட்த்தா!" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்த ஜோல்னாப் பைக்காரியே ஒருநாள் வந்து நின்றாள்.

"கலெக்டருக்கு மனு போடறோம். போன வருஷம் தண்ணி இருந்த கிணறு, இப்ப வத்தின கிணறு, ரெண்டுக்கும் நம்மகிட்ட ஆதாரம் இருக்கு. போரை மூடச் சொல்லுவோம், நஷ்ட ஈடும் கேப்போம்."

செல்லம்மா, அம்மணி, பக்தவச்சலம் என்று பதினோரு பேரை வாசித்து முடித்தாள்.

"எம் பேரு?" என்றாள் தனம்.

வேதா பழைய ஃபாரத்தை எடுத்துக் காட்டினாள். தண்ணீர் இல்லை. கீழே தனத்தின் கையெழுத்து.

"அன்னிக்கு உங்க வாளி சொட்டினதை நானும் பாத்தேன் அக்கா. ஆனா நீங்க சொல்றதைத்தான் எழுதணும்."

"பொய்யிம்மா! பயந்துகினு சொன்ன பொய்யி! தண்ணி இருந்துச்சு, சத்தியமா இருந்துச்சு!" தனம் ஓடிப்போய்த் தகரத்தைத் தூக்கி வீசினாள். "வந்து பாரு!"

வேதா எட்டிப் பார்த்தாள். ஃபாரத்தில் எழுதியிருந்தபடியேதான் இருந்தது.