மாஸ்டரின் மஞ்சள் கடுதாசி

மாஸ்டருக்கு உடம்பில் கொழுப்பே கிடையாது. கடன்தான் சதை போட்டிருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் அவர் ஓர் உடற்பயிற்சிக் கூடம் திறந்தார். எட்டு டிரெட்மில், சுவர் முழுக்கக் கண்ணாடி, எல்லாம் வங்கிக் கடன். ஜனவரியில் ஊரே வந்து சேரும். மார்ச்சில் ஊரே காணாமல் போகும். வங்கி மட்டும் பன்னிரண்டு மாதமும் தவறாமல் வந்தது. வங்கிக்குக் கட்ட ஒரு கார்டு, அந்தக் கார்டுக்குக் கட்ட இன்னொரு கார்டு என்று அவரும் நிற்காமல் ஓடினார். அந்தக் கூடத்தில் தினமும் ஓடிய ஒரே ஆள் அவர்தான்.

பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு எழுதும் அவர் மனைவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாள்.

"இப்படியே கட்டினா முப்பத்தி நாலு வருஷத்துல முடிஞ்சிடும். உங்களுக்கு அப்ப எண்பத்தி ஒண்ணு. பரவாயில்ல, நீங்கதான் ஃபிட்டா இருப்பீங்களே."

"என்னை என்னதான் பண்ணச் சொல்ற?"

"திவால் மனு போடுங்க."

"மஞ்சக் கடுதாசி கொடுக்கணுமா? என் மானம் என்ன ஆகுறது?"

"போன வாரம் வசூலுக்கு வந்தவன் வாசல்ல நின்னு கத்துனப்ப கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சீங்களே, உங்க மானமும் அங்கதான் கிடக்கும். குனிஞ்சு பாருங்க."

மறுநாள் வக்கீலிடம் போனார்கள். தங்கமான மனிதர். கையில் காசே இல்லை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க எவ்வளவு காசு ஆகும் என்பதைச் சிரித்த முகத்தோடு சொன்னார்.

"தவணையில கட்டலாமா?" என்று கேட்டார் மாஸ்டர். பழக்க தோஷம்.

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். "ஜாமீன் கையெழுத்து யாரோடது?"

"என் மச்சான். இவளோட அண்ணன்."

"நீங்க மனு போட்டா, வங்கி அவர் கழுத்தைப் பிடிக்கும். முதல்ல அவர்கிட்ட சொல்லிடுங்க."

அப்பா போன பிறகு மாஸ்டரின் மனைவியைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து வைத்தவர் அந்த அண்ணன்தான். திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மனு வேண்டாங்க. நான் சாயங்காலம் டியூஷன் எடுக்கறேன்," என்றாள். அவள் கிண்டல் செய்யாதது மாஸ்டருக்குப் பயமாக இருந்தது.

அன்று மதியமே அவர் மச்சானின் சோபாக் கடைக்குப் போனார். குடும்ப விசேஷங்களில் மாஸ்டரின் முதுகைத் தட்டி, "நான் இருக்கேன்ல மாப்ள!" என்று நாலு பேர் முன்னால் முழங்குவது மச்சானின் வழக்கம். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாவின் நுனியில் உட்கார்ந்து மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஜாமீனைப் பத்திக் கவலைப்படாத மாப்ள. நான் போன வருஷமே மனு போட்டுட்டேன். கடை ஏலத்துல போயிடுச்சு. இப்ப இங்க சம்பளத்துக்குத்தான் இருக்கேன். உன் வங்கிக்கும் தெரியும். உனக்கு லெட்டர் வரல?"

"வங்கிக் கவரை நான் பிரிக்கறதே இல்ல மச்சான்." மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போன மாசம்கூட, நான் இருக்கேன்லன்னு சொன்னீங்களே!"

"இருக்கேன்ல. பணம் இருக்குன்னா சொன்னேன்?"

முறைத்துப் பார்த்த மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ரொம்ப அசிங்கமா இருந்துச்சா?"

"முதல் நாள் காய்ச்சலே வந்துச்சு. ரெண்டாம் நாள் தூங்கினேன் பாரு, அப்படியொரு தூக்கம். நீயும் மனு போட்டுடு." மச்சான் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாத. அவ என்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சிட்டிருக்கா."

வீட்டில் மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள். "அண்ணன் என்ன சொன்னார்?"

"மனு போடச் சொன்னார். ஜாமீனால அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

புதன்கிழமை மனு போட்டார்கள். இயந்திரங்கள் ஏலத்தில் போயின. மாஸ்டர் ஓர் ஆஸ்பத்திரியில், மூட்டு மாற்றியவர்களைக் கைபிடித்து நடக்க வைக்கும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் சின்னதுதான், ஆனால் முழுசாக வீடு வந்து சேர்ந்தது. இதெல்லாம் அண்ணன் பெருந்தன்மையால் வந்தது என்று மனைவி போகிற இடமெல்லாம் சொன்னாள். மாஸ்டர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.