ஆறாவது முகம்

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகவேலுக்கு அறுபது முடிந்தது. கோயிலுக்கு வெள்ளிக் கதவு செய்து போடலாம் என்றார்கள் வீட்டில். அதை எல்லாரும்தான் செய்கிறார்கள் என்றார் முதலாளி. சண்முகவேல் என்ற தன் பெயரையே வைத்துக்கொண்டு இந்த ஊரில் பேர் வாங்கியவர்களை ஒரே மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது அவர் ஆசை.

மேலாளர் சுரேஷ்குமார் அலைந்து திரிந்து ஆள் பிடித்தார். அடையாறில் இதய அறுவை செய்யும் டாக்டர் ஒருவர். கோட்டூர்புரத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். பட்டினப்பாக்கத்தில், முப்பது வருஷத்துக்கு முன் கல்கத்தாவில் ஒரு பெனால்டியைத் தடுத்துக் கோப்பை வாங்கித் தந்த கோல்கீப்பர். மயிலாப்பூரில் பட்டிமன்றப் பேச்சாளர் சண்முகவேல். கதை இந்தக் கடைசி ஆளைப் பற்றியது.

அவர் இருபது வருஷமாகத் தொலைக்காட்சியில் பேசுகிறார். எந்த அணியானாலும் மூன்றாவது நாற்காலிதான். நடுவர் உட்காருவது முதுகு உயர்ந்த நாற்காலி. அதில் சாய்ந்தபடி அடுத்தவன் பேச்சுக்குச் சிரித்து, கடைசியில் எழுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று குளியலறைக் கண்ணாடி முன் எத்தனையோ முறை தீர்ப்புச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இந்த வருஷம் பழைய நடுவருக்குக் குரல் போய்விட்டது. தீபாவளிப் பட்டிமன்றத்தை நடத்தும் செலவு ஜவுளிக்கடை முதலாளியுடையது. யாரை நடுவராகப் போடுவது என்பதும் அவர் வாயில்தான் இருந்தது.

"புலவரே, நம்ம விழாவை நீரே நடத்திக் கொடும்" என்றார் முதலாளி. "சனம் சிரிக்கணும். என்ன, முருகனுக்கு முகம் ஆறு. நம்மகூடச் சேத்து அஞ்சுதான் தேறிச்சு. இன்னொரு சண்முகவேல் கெடச்சிருந்தா நெறைவா இருந்திருக்கும்."

"தீபாவளி நடுவர் விஷயம் அண்ணாச்சி..."

"மொதல்ல இதப் பாப்போம்வே."

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்யாண மண்டபத்தில் விழா. சண்முகவேல் முன்னதாகவே போய்விட்டார். அது அவருடைய தொழில் வழக்கம். மேடையில் யாரைப் பற்றிப் பேச வேண்டுமோ அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுவார். பசித்தவன் பொய் சொல்லுவான், பந்தியில் இருப்பவன் சொல்ல மாட்டான் என்பது அவர் கண்ட உண்மை. டாக்டரும் நீதிபதியும் டிபனுக்கு வரவில்லை. கோல்கீப்பர் வந்திருந்தார். கறுத்து ஒடிசலான மனிதர். புதுச்சட்டையின் காலரில் அட்டையை எடுக்க மறந்திருந்தார். சண்முகவேலே அதை உருவி எடுத்தார்.

"இன்னா சார் நீங்க, எங்கூட குந்திக்கினு. டிவில நீங்க வந்தா பாக்காம வுட மாட்டோம் சார் எங்க ஏரியால."

"நீங்க பெரியவரு. கல்கத்தாவுல நாடே பாத்த ஆளு."

கோல்கீப்பர் பொங்கலைப் பிசைந்துகொண்டிருந்தார். வாயில் வைக்கவில்லை.

"அந்தப் பெனால்டி அடிக்கறதுக்கு முன்னால உங்க மனசுல என்ன ஓடிச்சு? அதை மட்டும் சொல்லுங்க. மேடையில அழகா எடுத்துக் கொடுக்கறேன்."

கோல்கீப்பர் நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். அங்கே ஒரு இளம்பெண், பட்டுப்புடவை கட்டிய பருத்த அம்மாள் ஒருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அது எம் பொண்ணு கயல். கூட கீது பாரு, அத்தோட மாமியாகாரி. சைதாப்பேட்ட. கட்டிக் குடுத்த நாள்லருந்து மீன்காரன் பொண்ணு, மீன்காரன் பொண்ணுன்னு ஒரே பேச்சு சார். இன்னிக்கி எங்க நைனாவ வந்து பாருன்னு இட்டாந்துகீது."

"நல்லாப் பாக்கட்டும்."

"சார்." குரல் தணிந்தது. "உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. அது நான் இல்ல சார்."

சண்முகவேல் வடையைக் கீழே வைத்தார்.

"டீமுல ரெண்டு சம்முகவேலு. புட்ச்சது அவன். நான் பெஞ்சுல குந்திக்கினு இருந்தேன். குடிச்சி குடிச்சி செத்தான். புள்ள குட்டி இல்ல. கொள்ளி வச்சது நான்தான். அப்பால யாராச்சும் வந்து, நீதான அந்த கோல்கீப்பருன்னு கேப்பாங்க. நான் ஆமான்னு சொன்னதில்ல சார். இல்லன்னும் சொன்னதில்ல."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. கயலுக்கே தெரியாது. பேச்சுல அந்த ஆட்டத்த மட்டும் எடுக்காதீங்க சார். வேற இன்னா வேணா சொல்லிக்கோங்க."

"அட, என்னய்யா நீங்க. நான் பாத்துக்கறேன்" என்று சண்முகவேல் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்போது அதை மனதாரத்தான் சொன்னார். இலையில் மிச்சமிருந்த வடையையும் எடுத்து அவர் இலையில் வைத்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் ஐந்து நாற்காலி, ஐந்து பொன்னாடை. போர்த்தி முடிந்ததும் சண்முகவேல் மைக்கைப் பிடித்தார்.

"டாக்டர் ஐயா நம்ம அண்ணாச்சி நெஞ்சைத் திறந்து பாத்தவரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு கேட்டேன். ஒரு பட்டுப்புடவை, அதுவும் ஆடித் தள்ளுபடின்னாரு."

முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அடுத்து நீதிபதி ஐயா. அவரைப் பத்தி ஒரு கதை இருக்கு. சொன்னா உள்ள போகணும். அதனால வாய்தா வாங்கிக்கறேன்."

நீதிபதி கண்ணைச் சிமிட்டாமல் அவரையே பார்த்தார். பின்வரிசையில் ஒருவன் எழுந்து வெளியே போனான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். முதலாளி சுரேஷ்குமாரை அருகே கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். சுரேஷ்குமார் தலையாட்டிக்கொண்டே நீதிபதிக்கு ஒரு இளநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சண்முகவேல் மைக்கை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனார். இருபது வருஷத்தில் கூட்டம் கைவிட்டுப் போகும் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். நாற்காலிகள் நகரும் சத்தம் அது. முதுகு உயர்ந்த நாற்காலியும் அதோடு சேர்ந்து நகர்வது போலிருந்தது. டாக்டரைத் தொட முடியாது. நீதிபதியைத் தொட முடியாது. முதலாளியை நினைக்கவே முடியாது.

கோல்கீப்பர் கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், நழுவிவிடும் என்பது போல.

"அண்ணாச்சிக்கு ஒரு வருத்தம்" என்றார் சண்முகவேல். "ஆறு முகத்துல ஒரு முகம் குறையுதுன்னு. கவலைப்படாதீங்க அண்ணாச்சி. ஆறாவது சண்முகவேலும் இந்த மேடையிலதான் இருக்காரு."

முதலாளி நிமிர்ந்தார். மண்டபம் அமைதியானது.

"கோல்கீப்பர் ஐயா, ஒரு சந்தேகம். கல்கத்தாவுல அந்தப் பந்து வந்துச்சே, நீங்க எந்தப் பக்கம் பாஞ்சீங்க? வலப் பக்கமா, இடப் பக்கமா?"

கோல்கீப்பர் அவரைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. கூட்டத்துக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. யாரோ கை தட்டினார்கள்.

"வலமும் இல்ல, இடமும் இல்ல. பெஞ்சு பக்கம்." சற்று நிறுத்தினார். "அன்னிக்குப் பந்தைப் பிடிச்சது வேற ஒரு சண்முகவேல். ஐயா அன்னிக்குத் தண்ணி பாட்டிலைப் பிடிச்சாரு. ஒரு சொட்டு சிந்தலியே!"

முதல் சிரிப்பு பின்வரிசையிலிருந்து வந்தது. வெளியே போனவர்கள் கதவருகே திரும்பி நின்றார்கள்.

"பிடிச்சவரு போய்ச் சேர்ந்துட்டாரு. ஐயாதான் கொள்ளி வச்சாரு. பெரிய மனசு. ஆனா ஆளுக்கு மட்டும்தான் வச்சாரு. பேரை எரிக்க மனசு வரல, வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டாரு."

மண்டபம் குலுங்கியது. முதலாளி தொடையில் அடித்துக்கொண்டார். டாக்டரே சிரித்தார்.

"குத்தம் சொல்லாதீங்க. பந்தைப் பிடிக்கல, பேரைப் பிடிச்சாரு. பிடிச்ச பிடியை இத்தனை வருஷமா விட்டாரா? இதுக்கு மேல என்னய்யா கோல்கீப்பிங் வேணும்?"

அப்படி ஒரு சிரிப்பை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. அது ஓய்ந்து ஓய்ந்து மறுபடி எழுந்தது. மூன்றாவது வரிசையில் பட்டுப்புடவை அம்மாள் சிரிப்பு தாளாமல் கயலின் தொடையில் ஓங்கித் தட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினாள். கயல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோல்கீப்பரும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து நின்று சபையைப் பார்த்துக் கும்பிட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

முதலாளி மைக்கை வாங்கினார். "நம்ம பேருல களவாணியும் ஒருத்தன் இருக்கான்வே. அந்தச் சால்வையைக் கழத்தும்."

அவரே போய்க் கழற்றினார். கோல்கீப்பர் விரல்களைத் தளர்த்தக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உள்ளதை உள்ளபடி சொன்ன புலவருக்கு" என்று முதலாளி அதைச் சண்முகவேல் தோளில் போர்த்தினார். ஏற்கெனவே கிடந்ததன் மேல் இரண்டாவது. துணியில் இன்னும் அந்த ஆளின் உடம்புச் சூடு இருந்தது. சண்முகவேல் கை கூப்பினார். திரும்பிப் பார்த்தபோது கடைசி நாற்காலி காலியாக இருந்தது.

விழா முடிந்து முதலாளியை மேடைக்குப் பின்னால் பிடித்தார்.

"கலக்கிப்புட்டீருவே. வயிறு வலிக்கி."

"அண்ணாச்சி, அந்த நடுவர் விஷயம்..."

"அதுக்குத்தான் ஜட்ஜையாவப் பேசியாச்சே. போன வாரமே. சுரேசு சொல்லலியா?"

சண்முகவேல் நழுவிய பொன்னாடையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"நடுவருன்னா ஒரு கனம் வேணும்லா? ஒம்மப் பாத்தா சனத்துக்குச் சிரிப்புல்லா வருது. ஒம்ம நாற்காலி ஒமக்குத்தான், பயப்படாதீரும்." முதலாளிக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "வாசல்ல இப்பத்தான் தீபாவளிப் பேனர் கட்டியாச்சு. நடுவர் சண்முகவேல்னு வெறும் பேருதான், படம் கெடையாது. ஜட்ஜையா போட்டோ வேண்டாம்னுட்டாரு. ஊரு ஒம்மன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போட்டுமே. ஒமக்கென்ன நட்டம்?"

தோளைத் தட்டிவிட்டுப் பந்திக்குப் போனார்.

சண்முகவேல் இரண்டு பொன்னாடையோடும் வாசலுக்கு வந்தார். பேனர் மண்டபத்தின் அகலத்துக்கு இருந்தது. வெயிலில் அந்தப் பெயர் மினுங்கியது. அதன் கீழே பட்டுப்புடவை அம்மாள் அவருக்காகக் காத்திருந்தாள். பின்னால் கயல். எதிர்ச்சாரிப் பேருந்து நிறுத்தத்தில் கோல்கீப்பர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். மகள் வருவாள் என்று நிற்கிறாரா, பேருந்துக்கு நிற்கிறாரா தெரியவில்லை.

"சார், இன்னா பேச்சு சார். எங்க சம்பந்தி வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்திட்டீங்க" என்றாள் அந்த அம்மாள். "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்?"

"ஆகட்டும்மா."

"ஏய் கயலு, புடி போனை. நல்லா எடு, உங்கப்பன் மாதிரி கோட்டை வுட்டுடாத."

கயல் போனை வாங்கிக்கொண்டு நாலடி பின்னால் போனாள். அம்மாள் சண்முகவேலை ஒட்டி நின்று பேனரை அண்ணாந்து பார்த்தாள்.

"இனிமே நீங்கதான் நடுவராமே சார்? இப்பதான் படிச்சேன். தீபாவளிக்கு எங்க தெருவே பாக்கும்."

சண்முகவேல் பேனரைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

கயல் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். கை ஆடவில்லை.

"சார், சிரிங்க" என்றாள்.

அவர் சிரித்தார்.

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் சிரித்தார். எதிர்ச்சாரியில் பேருந்து வந்து நின்று கிளம்பிப் போனது. நிறுத்தத்தில் யாரும் இல்லை. கன்னம் வலிக்க ஆரம்பித்தது. அவள் படம் எடுக்கவில்லை.

"அப்படியே இருங்க சார்" என்றாள் கயல். "சிரிச்சுகினே இருங்க."